சந்திப்பு முடிந்தது, பாக்கிப் பணம் என் கணக்கில் கிடக்கிறது: வகுப்புத் தோழர்களின் பொதுப்பணம் பற்றி ஆடிட்டரின் பதில்

கேள்வி: நாங்கள் 1990இல் பொறியியல் முடித்த வகுப்பு. 64 பேர். 35ஆம் ஆண்டு சந்திப்பை ஏற்காட்டில் நடத்தினோம். 52 பேர் தலைக்கு 8,000 ரூபாய் கொடுத்தார்கள். துபாயில் இருக்கும் மூன்று நண்பர்கள் அதற்கு மேல் 1,50,000 ரூபாய் அனுப்பினார்கள். எல்லாமே என் சேவிங்ஸ் கணக்குக்குத்தான் வந்தது. செலவு 3,31,000 போக 2,35,000 ரூபாய் இன்னும் என்னிடமே இருக்கிறது. சங்கமாகப் பதிவு செய்யலாம், மாதம் 500 ரூபாய் சந்தா வாங்கலாம் என்கிறார்கள் சிலர். சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் தோழனுக்கு நான்கு லட்சம் திரட்ட வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். அமெரிக்காவில் குடியுரிமை பெற்ற ஐந்து பேரும் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். இதற்கிடையே போன வாரம் ஒருவர் குழுவில், “கணக்கு என்னாச்சுப்பா?” என்று கேட்டுவிட்டார். ராத்திரி தூக்கம் போய்விட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குழுவைவிட்டே வெளியேறிவிடலாமா என்றிருக்கிறது.

கோவை வாசகர்

பதில்: குழுவைவிட்டு வெளியேறாதீர்கள். இப்போது வெளியேறினால் அந்த ஒரு கேள்விக்கு நீங்களே தவறான பதிலைச் சொன்னது போலாகும். கேட்டவர் மேல் கோபப்படவும் வேண்டாம். கணக்கு கேட்பது சந்தேகம் அல்ல. சந்திப்பு முடிந்த பத்து நாளுக்குள் கணக்கை வைத்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தாமதம் உங்கள் பக்கம்தான். அதை ஒரு வரியில் ஒப்புக்கொண்டு இந்த வாரமே கணக்கைப் போட்டுவிடுங்கள்.

ஒரே பக்கக் கணக்கு போதும். மேலே வரவு: 52 பேர் × 8,000 = 4,16,000, கூடுதல் நன்கொடை 1,50,000, மொத்தம் 5,66,000. கீழே செலவு: அறை, சாப்பாடு, வேன், மைக், போட்டோ, நினைவுப் பரிசு என்று ஏழெட்டு தலைப்பில். கடைசியில் பாக்கி 2,35,000. இந்தப் பணத்துக்கு வங்கி போட்ட வட்டியை மறக்காதீர்கள். உங்கள் சொந்தப் பணத்தோடு கலந்து கிடந்ததால் வட்டியைத் தோராயமாகத்தான் பிரிக்க முடியும். “வட்டி, தோராயமாக” என்றே எழுதிச் சேர்த்துவிடுங்கள். சில நூறு ரூபாய்தான் இருக்கும். ஆனால் கணக்கைப் படிப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

ரசீது இல்லாத செலவுகள் இருந்தே தீரும்: டீ, ஆட்டோ, சுமை தூக்கியவருக்குக் கொடுத்தது. அவற்றுக்குத் தேதி, காரணம், தொகை எழுதி நீங்களே கையெழுத்திட்டு ஒரு வவுச்சர் போடுங்கள். உடன் இருந்த இன்னொரு தோழரும் கையெழுத்துப் போட்டால் நல்லது. ஐயாயிரத்துக்கு மேல் ரசீது இல்லாமல் ஒரு செலவு இருந்தால், பணம் வாங்கியவரிடம் இப்போதாவது எழுதி வாங்குங்கள். பொறுப்பாளர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. இரண்டாயிரம் மூவாயிரம் கைக்காசைப் போட்டுவிட்டு, “போகட்டும்” என்று எழுதாமல் விடுவார்கள். பெருந்தன்மையாகத் தோன்றினாலும் இது கணக்குப் பிழைதான். இன்று கைக்காசு எழுதப்படாமல் உள்ளே வந்தால், நாளை பொதுப்பணமும் எழுதப்படாமல் வெளியே போகலாம் என்ற எண்ணம் வந்துவிடும். போட்டதை எழுதுங்கள். திருப்பி வேண்டாம் என்றால் அதையும் வரவில் எழுதுங்கள்.

பணம் கொடுத்தவர் பட்டியலில் பெயர் மட்டும் போதும், தொகை வேண்டாம். மொய் நோட்டில் தொகையை எழுதுவது நாளை அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்காக. இங்கே யாரும் யாருக்கும் திருப்பிச் செய்யப்போவதில்லை. ஒன்றரை லட்சம் கொடுத்தவர்களின் பெயர் எட்டாயிரம் கொடுத்தவர் பெயருக்கு மேலே நின்றால், அடுத்த சந்திப்புக்குச் சிலர் வரமாட்டார்கள். காரணமும் சொல்லமாட்டார்கள்.

இனி அந்த 2,35,000. என் கருத்து இதுதான்: வகுப்புப் பணம் எந்தக் காரியத்துக்கு வந்ததோ அந்தக் காரியத்தோடு தீர்ந்துவிட வேண்டும், யாரிடமும் தங்கக் கூடாது. இதில் 1,50,000 துபாய் நண்பர்கள் மூவர் சந்திப்புக்காகத் தனியாகத் தந்தது. என்ன செய்யலாம் என்று முதலில் அவர்களைத் தனித்தனியே கேளுங்கள், குழுவில் வைத்துக் கேட்காதீர்கள். மீதி 85,000 ரூபாய் 52 பேருக்கும் சொந்தம், தலைக்கு 1,634 ரூபாய். திருப்பி அனுப்பட்டுமா, தோழனின் சிகிச்சைக்குச் சேர்க்கட்டுமா என்று இரண்டே வாய்ப்புகளோடு கேட்டு, பத்து நாள் கெடு வையுங்கள். பதில் சொல்லாதவருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது மற்றக் காரியங்களுக்குச் சரி, அடுத்தவர் காசுக்குச் சரியல்ல.

வரித்துறை இந்த ஐந்தரை லட்சத்தை உங்கள் வருமானம் என்று கேட்குமா? நீங்கள் பொதுச் செலவுக்காக வைத்திருந்தவர் மட்டுமே, உங்களுக்குக் கிடைத்த அன்பளிப்பு அல்ல. ஆனால் அதைக் காட்டக் காகிதம் வேண்டும். வசூல் அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், பெயர்ப் பட்டியல், வங்கி அறிக்கை, ஹோட்டல் பில், இப்போது போடப்போகும் கணக்கு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து எட்டு வருடம் பத்திரப்படுத்துங்கள். பாக்கியை உங்கள் பெயரில் டெபாசிட் போட்டுவிடாதீர்கள். ஏழு சதவீதம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 16,000 ரூபாய்க்கு மேல் வட்டி உங்கள் பான் எண்ணில் ஏறும். பணம் வகுப்புக்கு, வரி உங்களுக்கு என்றாகும்.

இன்னொரு ஆபத்தைப் பேசவே எல்லாரும் தயங்குவார்கள். உங்கள் வகுப்பில் எல்லாருக்கும் ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயது. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பணம் உங்கள் நாமினி கைக்கும் வாரிசுகளுக்கும் போய்விடும். துக்கம் நடந்த வீட்டில் போய், “எங்கள் காசு இரண்டு லட்சம் இருக்கிறது” என்று யார் கேட்பது? அடுத்த முறை வசூலுக்கென்றே இரண்டு தோழர்கள் பெயரில் புதிதாக ஒரு சேவிங்ஸ் கணக்கு தொடங்குங்கள். “எய்தர் ஆர் சர்வைவர்” என்று இருக்கட்டும். இருவரில் ஒருவர் இல்லாமல் போனாலும் மற்றவர் இயக்கலாம், யூபிஐயும் வேலை செய்யும். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற “ஜாயிண்ட்லி” முறை பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் அதில் பெரும்பாலும் யூபிஐ கிடைக்காது, ஒருவர் மறைந்தால் கணக்கு நின்றுபோகும். இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக எடுக்கலாமே என்ற பயத்துக்கு மருந்து, மாதம் ஒருமுறை வங்கி அறிக்கையை மூன்றாவது தோழர் ஒருவருக்கு அனுப்புவது. அந்த மூவரும் ஒரே ஹாஸ்டல் அறைக் கூட்டாளிகளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதச் சந்தா வேண்டாம். 64 பேர் × 500 என்றால் மாதம் 32,000 என்று காகிதத்தில் அழகாக இருக்கும். நடப்பில் ஆறாம் மாதத்தில் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். நின்றவர் குழுவில் பேசக் கூச்சப்படுவார், தொடர்ந்து கட்டுபவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். சேரும் பணம் சும்மா கிடந்தால், “நம்ம பசங்களுக்கே வட்டிக்கு விடலாமே, சீட்டுப் போடலாமே” என்று யாராவது கிளம்புவார்கள். பதிவில்லாத சீட்டு 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வம்பு. தோழனுக்கு வட்டிக்குக் கொடுப்பது அதைவிடப் பெரிய வம்பு.

சங்கப் பதிவும் உங்களுக்கு இப்போது தேவையில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம், அது சுலபம். அதன் பிறகு வருடாவருடம் பொதுக்குழு, தணிக்கை, பதிவாளருக்குக் கணக்கு, நிர்வாகிகள் மாறினால் அதற்கொரு படிவம். மூன்றாம் வருடம் செயலாளர் மகன் வீட்டுக்கு கனடா போனதும் எல்லாம் நின்று, அபராதம் மட்டும் வளரும். அதைவிட மோசமானது நடுவழியில் நிற்பது: தலைவர், செயலாளர், லெட்டர்பேட், சந்தா எல்லாம் வைத்துக்கொண்டு பதிவு மட்டும் செய்யாமல் இருப்பது. சங்கம் என்றால் ஒழுங்காகச் சங்கம். இல்லையென்றால் காரியத்துக்குக் காரியம் கூடிக் கலையும் நண்பர்கள். வருடாவருடம் உதவித்தொகை கொடுக்க வேண்டும், இடம் வாங்க வேண்டும் என்ற அளவுக்குத் திட்டம் வந்தால் மட்டும் பதிவைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் உங்கள் கல்லூரியில் முன்னாள் மாணவர் சங்கம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் பல கல்லூரிகள் வைத்திருக்கின்றன. அதிலேயே உங்கள் வகுப்பு பெயரில் ஒரு பரிசு வைப்பது, புதிதாக ஒரு சங்கத்தைத் தூக்கிச் சுமப்பதைவிட லேசு. நன்கொடைக்கு 80ஜி என்று சொல்லிப் பழகிய வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டுமே. இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கும் இல்லை. கல்லூரியிடம் வெறும் ரசீதோடு நிற்காமல், வருமான வரித் தளத்திலிருந்து எடுத்த நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

இனி உங்கள் கேள்வியில் மிக முக்கியமான பகுதி, சிகிச்சைக்கான நான்கு லட்சம்.

வகுப்புத் தோழர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும், வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் அவர் உறவினர் அல்ல. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் பெறும் அன்பளிப்புகள் எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத்தொகையும் பெறுபவரின் வருமானம். ஆளுக்கு ஐயாயிரம் என்று எண்பது தடவையாக வந்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். நோய்க்காகக் கொடுத்தது என்பதற்குப் பொதுவான விலக்கு கிடையாது. கொரோனாச் சிகிச்சைக்குத் தந்த சலுகை அந்த நோயோடு சரி.

பயந்துவிட வேண்டாம். நான்கு லட்சமும் வருமானத்தில் சேர்ந்தாலும், அவருடைய மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் புதிய வரிமுறையில் தள்ளுபடி போக வரி வராது. ஆனால் அதைக் காட்டி ரிட்டர்ன் போட வேண்டும், இந்த வேலையை வகுப்பில் யாராவது அவருக்காகச் செய்து கொடுங்கள். அவர் நல்ல சம்பளத்தில் இருப்பவரானால் வரி வரும். அதனால் கூடுமானவரை பணம் அவர் கணக்குக்குப் போகாமல் மருத்துவமனைக்கு நேராகப் போவது நல்லது. அவர் கையில் பணமாக எதுவும் வந்ததில்லை என்று காட்ட அது உதவும். மருத்துவமனைகளுக்கு யூபிஐயில் ஒரே தடவையில் ஐந்து லட்சம் வரை அனுப்பலாம். உங்கள் வங்கியின் வரம்பை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயரும் உள்நோயாளி எண்ணும் ரசீதில் இருக்க வேண்டும். மருந்து, வாடகை, போக்குவரத்து போன்றவற்றுக்கு நேரடியாக அவருக்கோ மனைவிக்கோ கொடுப்பதை, ஒவ்வொருவருக்கும் அந்த ஆண்டில் 50,000க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் வரம்பு தனித்தனி.

மருத்துவமனையில் வழக்கமாக நடக்கும் குளறுபடி முன்பணத்தில்தான். பெரிய தொகையாக டெபாசிட் கட்டிவிடுவீர்கள். பிறகு இன்சூரன்ஸ் அனுமதி வந்து, மிஞ்சியது நோயாளியின் கணக்குக்கோ கட்டியவர் கணக்குக்கோ திரும்பும். அது யாருடையது என்று மூன்று மாதம் கழித்துப் பேச்சு வரும். இடைக்கால பில் வரவர அதற்கேற்பக் கட்டுங்கள். வசூல் தொடங்கும் முன்பே, இன்சூரன்ஸ் எவ்வளவு, அலுவலகம் தருவது எவ்வளவு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தகுதி உண்டா என்று விசாரியுங்கள். அத்திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இவை போகக் குறைவது எவ்வளவோ அதை மட்டும் திரட்டுங்கள். நான்கு லட்சம் என்று யாரோ சொன்ன வட்டத் தொகைக்கு வசூலிப்பதால்தான் பாக்கி மிஞ்சுகிறது.

இதையெல்லாம் அவரிடம் கேட்கும் முன் அவர் மனைவியிடம் கேளுங்கள். படுக்கையில் இருப்பவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். குழுவில் மருத்துவ அறிக்கை, ஊசி குத்திய கையோடு போட்டோ எதையும் போடக் கூடாது. “கடனாகத்தான் வாங்கிக்கொள்வேன்” என்று அவர் அடம்பிடித்தால், ஒருவர் மட்டும் தன் சொந்தப் பொறுப்பில் வங்கி வழியாகக் கொடுக்கட்டும். வகுப்புப் பணத்தைக் கடனாக்காதீர்கள்.

பக்கத்திலேயே இன்னொரு பொறி இருக்கிறது, கல்யாணம். திருமணத்தின்போது வரும் அன்பளிப்புக்கு வரி கிடையாது, ஆனால் அந்த விலக்கு மணமக்களுக்கு மட்டுமே. தோழரின் மகள் கல்யாணத்துக்கு வகுப்பு சார்பாக ஒரு லட்சம் கொடுப்பதானால் காசோலை மகள் பெயரில் இருக்கட்டும். அப்பா பெயரில் போட்டால் அது அவருடைய வருமானம்.

அமெரிக்க நண்பர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 பார்ப்பது குடியுரிமையை, வசிக்கும் இடத்தை அல்ல. துபாய்க்காரர்கள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர்கள் வங்கி வழியாகத் தங்கள் சேமிப்பிலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டவர்தான். சங்கம் வைத்து அவரிடம் நன்கொடை வாங்க இந்தச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு வேண்டும். அதற்கு மூன்று வருடச் செயல்பாடும் 15 லட்சம் செலவுக் கணக்கும் கேட்பார்கள், பணமும் டில்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். உங்கள் வகுப்புக்கு இது ஆகாத காரியம். எனவே அவர்கள் பணம் உங்கள் பொதுக்கணக்குக்குள் வரவே வேண்டாம். சந்திப்புக்கு வந்தால் தங்கள் அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஹோட்டலில் தாங்களே கட்டட்டும். நோயாளித் தோழருக்குத் தனிப்பட்ட முறையில் நேராக உதவட்டும். ஆனால் அவர் இன்னும் அரசுப் பணியிலோ அரசு நிறுவனத்திலோ இருந்தால் அதுவும் கூடாது, ஓய்வு பெற்றவரானால் தடையில்லை.

அடுத்த சந்திப்புக்கு வசூலிக்கும்போது பணமும் குறையாமல், பாக்கியும் அதிகம் மிஞ்சாமல் கணக்குப் போட ஒரு வழி உண்டு. செலவை இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை பேர் வந்தாலும் மாறாதது: ஹால், மைக், போட்டோ, பேனர், முன்கூட்டியே ஆர்டர் கொடுத்த டி-ஷர்ட். தலைக்குத் தலை மாறுவது: அறை, சாப்பாடு. முதல் வகை 1,20,000 ரூபாய், “வர்றேன்” என்று கைதூக்கியவர் 60 பேர் என்றால் 60ஆல் வகுக்காதீர்கள், மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 40ஆல் வகுங்கள். தலைக்கு 3,000. குழுவில் கட்டைவிரல் காட்டுபவரில் மூன்றில் ஒருவராவது கடைசியில் வராமல் போவார் என்று வைத்துக்கொள்வதே பத்திரம். பணம் கட்டியவர்தான் வருபவர். வரவில்லை என்று பத்து நாள் முன்பு வரை சொன்னால் இரண்டாம் வகையைத் திருப்பித் தாருங்கள், முதல் வகை திரும்பாது. ஹோட்டலுக்குக் குறைந்தபட்சத் தட்டுக் கணக்கு உறுதி கொடுக்கும்போது பணம் கட்டியவர் எண்ணிக்கைக்கு ஐந்து குறைத்தே கொடுங்கள். அன்றைக்கு ஐந்து தட்டு கூட்டுவது எளிது, குறைக்க ஒப்ப மாட்டார்கள்.

அறை வாடகையில் 7,500 ரூபாய்க் கோட்டைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு அதுவரை ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18. 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770 ஆகும், 7,600 ரூபாய் அறை 8,968 ஆகும். வாடகையில் 200 ரூபாய் வித்தியாசம் பில்லில் 1,198. கோட்டைத் தாண்டிய அறைகள் உள்ள ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கும் பொதுவாக 18தான். ஒரே நிகழ்ச்சிக்கு ஒருவரிடமிருந்து இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்குவது சட்டப்படி தடை, எனவே “கேஷாகத் தந்தால் குறைக்கிறேன்” என்று மேனேஜர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கட்ட முடியாத தோழர் ஒருவராவது இருப்பார். அவருக்குத் “தள்ளுபடி” அறிவிக்காதீர்கள். அவரை நன்றாக அறிந்த ஒருவர், அவர் பங்கையும் சேர்த்துத் தன் பெயரிலேயே கட்டிவிட்டு இடம் போட்டாயிற்று என்று மட்டும் சொல்லட்டும். கணக்கில் அது இரண்டு பேர் வரவு, அவ்வளவுதான்.

இன்றிரவு குழுவில் போட வாசகம் தேவையானால், இப்படி எழுதுங்கள்: “நண்பர்களே, ஏற்காடு கணக்கைப் போடத் தாமதமாகிவிட்டது, தப்பு என்னுடையது. வரவு 5,66,000, செலவு 3,31,000, பாக்கி 2,35,000. ஞாயிற்றுக்கிழமைக்குள் பில்களோடு முழுக்கணக்கும் வரும். உங்கள் பங்கு 1,634 ரூபாய் திருப்பி வேண்டுமா, நம் நண்பனின் சிகிச்சைக்கா என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். பத்து நாளில் பதில் வராதவர்களுக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். கணக்கைக் கேட்டு நினைவுபடுத்தியதற்கு நன்றி.” கடைசி வரியில், கணக்கைக் கேட்டவர் பெயரைப் போட்டே எழுதுங்கள்.